பெயின்ட்பால் துப்பாக்கிக்கு எந்த ஏர் டேங்க்? 48/3000 போதுமா, 68/4500 வேண்டுமா?

பவானிக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் பென்சில்வேனியாவில் ஆலன்டவுன் பக்கம் இருக்கிறோம். மகனுக்கு 14 வயது. பள்ளி நண்பனின் பிறந்தநாளுக்கு பெயின்ட்பால் (காற்றழுத்தத் துப்பாக்கியால் சாயக் குண்டுகளைச் சுட்டு ஆடும் விளையாட்டு) மைதானத்துக்குப் போய்வந்ததிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. இதுவரை வாடகைத் துப்பாக்கியில்தான் ஆடினான். போன வாரம் எங்கள் தெருவில் ஒருவர், கல்லூரிக்குப் போய்விட்ட தன் பையனுடைய டிப்மன் 98 கஸ்டம் துப்பாக்கியை இவனுக்குக் கொடுத்துவிட்டார். கூடவே 20 அவுன்ஸ் சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு) டேங்க் ஒன்றும் வந்தது.

துப்பாக்கி நல்ல நிலையில் இருக்கிறது. டேங்க் விஷயம்தான் புரியவில்லை. கையில் இருக்கும் சிஓ2 டேங்கையே வைத்துக்கொள்ளலாம். புதிதாக 48/3000 அலுமினிய டேங்க் 60 டாலருக்குள் கிடைக்கிறது. புது 68/4500 கார்பன் ஃபைபர் டேங்க் 170 டாலர் பக்கம் வருகிறது. இன்னொன்று, பக்கத்து ஊரில் ஒருவர் பழைய 68/4500 கார்பன் டேங்கை 70 டாலருக்குத் தருகிறேன் என்கிறார். லேபிளில் 2011 என்றும், சோதனை முத்திரை 2016 என்றும் இருக்கிறது. "ஒரு பொட்டுக் காற்று கசியாது, நம்பி வாங்குங்கள்" என்கிறார்.

இந்த எண்கள் என்ன சொல்கின்றன? ஒரு டேங்கில் எத்தனை குண்டு அடிக்கலாம்? பையன் ஒல்லி, எடையும் பார்க்க வேண்டும். அவன் அம்மாவுக்கு வேறு கவலை: 4500 பி.எஸ்.ஐ. அழுத்தத்தைப் பையன் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓடுவதா என்று கேட்கிறாள். நியாயமான கேள்விதான். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கயல்:

வணக்கம் அண்ணா. நான் நியூ ஜெர்சியில் ஒரு மைதானத்தில் வார இறுதிகளில் காற்று நிரப்பும் இடத்தில் வேலை செய்கிறேன். யார் டேங்கை நீட்டினாலும் நான் முதலில் பார்ப்பது அதில் இருக்கும் தேதியைத்தான். அளவு, பிராண்டு, நிறம் எல்லாம் அப்புறம். நீங்களும் அந்த வரிசையிலேயே பாருங்கள்.

அந்த 70 டாலர் டேங்க் வேண்டவே வேண்டாம். அமெரிக்கப் போக்குவரத்துத் துறை விதிப்படி இந்த டேங்குகளை 5 ஆண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும். ஹைட்ரோ என்று சொல்வோம். டேங்கின் கழுத்தில் இருக்கும் ரெகுலேட்டரை (அழுத்தத்தைக் குறைத்து அனுப்பும் பகுதி) கழற்றிவிட்டு, உள்ளே தண்ணீர் நிரப்பி, வழக்கமான அழுத்தத்தைவிட அதிகமாக ஏற்றுவார்கள். டேங்க் எவ்வளவு விரிகிறது, அழுத்தத்தை இறக்கியதும் பழைய அளவுக்குத் திரும்புகிறதா என்று அளந்து பார்த்துத்தான் முத்திரை இடுவார்கள். 2016 முத்திரை என்றால் 2021-லேயே கெடு முடிந்துவிட்டது. ஒழுங்காக நடக்கும் எந்த மைதானத்திலும் அதை நிரப்ப மாட்டார்கள். சரி, இப்போது சோதனைக்கு அனுப்பலாமே என்றால், கார்பன் ஃபைபர் சுற்றிய டேங்குக்கு மொத்த ஆயுளே 15 ஆண்டுதான். 2011-இல் செய்தது 2026-உடன் முடிந்தது. அதற்குமேல் சோதனைக்கே எடுக்க மாட்டார்கள். அலுமினியத்துக்கு அப்படி வயது வரம்பு கிடையாது, சோதனையில் தேறும்வரை ஓடும்.

கசியவில்லை என்று அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கசிவு பெரும்பாலும் ஓ-ரிங் என்கிற சின்ன வளையம் சம்பந்தப்பட்டது, சில காசில் மாற்றிவிடலாம். டேங்கின் உடல் இன்னும் அந்த அழுத்தத்தைத் தாங்குமா என்பதுதான் நம் கேள்வி. அதைக் கண்ணால் பார்த்தோ காதால் கேட்டோ யாரும் சொல்லிவிட முடியாது.

இனி எண்கள். முதல் எண் டேங்கின் உள்கொள்ளளவு, கன அங்குலத்தில். இரண்டாவது எண் அதிகபட்சம் எத்தனை பி.எஸ்.ஐ. வரை நிரப்பலாம் என்பது. ஒப்பிட வேண்டுமானால் இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். 48/3000-க்கு 1,44,000 வரும், 68/4500-க்கு 3,06,000 வரும். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. (அவ்வளவு அழுத்தத்தில் காற்று கணக்குப்படி அப்படியே அடங்காது, அதனால் உண்மையில் கொஞ்சம் குறையும்.) மைதானத்தில் நாங்கள் சொல்லும் கணக்கு, 3000 டேங்க் என்றால் கன அங்குலத்துக்கு 10 குண்டு, 4500 என்றால் 15 குண்டு. அதாவது 48/3000-இல் சுமார் 480, 68/4500-இல் சுமார் 1000. டிப்மன் 98 காற்றைச் சிக்கனமாகச் செலவழிக்கும் துப்பாக்கி அல்ல, அதனால் கொஞ்சம் குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கி மேல் குண்டு போட்டு வைக்கும் ஹாப்பரில் 200 குண்டு பிடிக்கும், இடுப்பில் கட்டும் பாட் ஒன்றில் 140. ஒரு ஹாப்பரும் ஒரு பாடும் தீர்வதற்குள் பெரும்பாலும் ஆட்டமே முடிந்துவிடும். ஆகவே 48/3000 போதாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் வந்து நிரப்பிக்கொண்டால் போதும்.

இதற்கெல்லாம் முன்னால் நீங்கள் மைதானத்துக்கு ஒரு போன் போட்டு, எத்தனை பி.எஸ்.ஐ. வரை நிரப்புகிறார்கள் என்று கேளுங்கள். சில இடங்களில் 3000 மட்டும்தான். அங்கே 68/4500-ஐக் கொண்டு போனால் மூன்றில் இரண்டு பங்குதான் நிரம்பும். அப்படியானால் 170 டாலர் கொடுப்பதற்கு முன் யோசிக்க வேண்டும்.

இன்னொன்றையும் கட்டாயம் பாருங்கள், இதில்தான் நிறையப் பேர் தவறான டேங்கோடு வருகிறார்கள். டேங்கில் 3000 இருந்தாலும் 4500 இருந்தாலும் அது அப்படியே துப்பாக்கிக்குப் போவதில்லை. கழுத்தில் உள்ள ரெகுலேட்டர் அழுத்தத்தைக் குறைத்துத்தான் அனுப்பும். வழக்கமான ரெகுலேட்டர் 800 முதல் 850 வரை தரும். எலக்ட்ரானிக் துப்பாக்கிகளுக்காக 450, 300 என்று குறைவாகத் தரும் வகைகளும் உண்டு. டிப்மன் 98-க்குத் தனியாக ரெகுலேட்டர் கிடையாது. வருகிற அழுத்தத்தை நேரடியாக வாங்கிக்கொள்ளும் துப்பாக்கி அது. அதற்கு 850 தரும் டேங்க்தான் வேண்டும். 450 தரும் டேங்கை மாட்டினால் குண்டு பத்தடியில் விழும், உள்ளே முன்னும் பின்னும் ஓடும் போல்ட் பின்னால் போய் மாட்டிக்கொள்ளாது. நிஞ்ஜா போன்ற சில ரெகுலேட்டர்களில் உள்ளே இருக்கும் சிறு வளையங்களை மாற்றி இந்த அளவை மாற்றலாம். ஆகவே பழையது வாங்கினால் விற்பவரிடம் இதைக் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

850-இல் ஓடும் துப்பாக்கிக்கு இன்னொரு விளைவும் உண்டு. டேங்கில் காற்று 900-க்குப் பக்கத்தில் இறங்கியதும் குண்டின் வேகம் விழத் தொடங்கும். மீதிக் காற்று டேங்கிலேயே தங்கிவிடும். 3000 வரை நிரப்பிய டேங்கில் ஏறக்குறைய 70 சதவீதம்தான் உங்களுக்குப் பயன்படும். 4500 வரை நிரப்பியதில் 80 சதவீதம். டிப்மன் 98 வைத்திருப்பவருக்கு 4500 டேங்கின் உண்மையான லாபம் இதுதான் என்பேன்.

எடை விஷயத்தில் 68/4500 பார்க்கப் பெரிது, ஆனால் 48/3000 அலுமினியத்தைவிட லேசு. உள்ளே மெல்லிய அலுமினியம், மேலே கார்பன் நார் சுற்று. ஆனால் எடையைவிட நீளமும் பருமனும்தான் சின்னப் பையன்களைப் படுத்தும். டேங்க்தான் தோளில் முட்டுக்கொடுக்கும் பகுதி. முகக்கவசம் போட்ட தலையைச் சாய்த்துக் குறி பார்க்க வேண்டும், பருமனான டேங்க் என்றால் கை வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். கடையில் அவனுடைய முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு, தோளில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 45/4500, 50/4500 என்று சிறியவையும் இருக்கின்றன. என் தம்பி மகன் 50/4500-தான் வைத்திருக்கிறான், அந்த வயதுக்கு அது மிகப் பொருத்தம்.

அண்ணிக்குச் சொல்லுங்கள்: ரெகுலேட்டரில் இரண்டு பாதுகாப்புத் தகடுகள் இருக்கின்றன. பர்ஸ்ட் டிஸ்க் என்பார்கள். 3000 டேங்கில் உயர் அழுத்தப் பக்கத்துத் தகடு 5000-க்கும், 4500 டேங்கில் 7500-க்கும் கிழியும். துப்பாக்கிப் பக்கத்துத் தகடு 1800-க்குக் கிழியும். அழுத்தம் எல்லை மீறினால் தகடு கிழிந்து காற்று பெரும் சத்தத்தோடு வெளியேறிவிடும், டேங்க் வெடிக்கும் நிலை வராது. தேதி முடியாத, அடிபடாத டேங்கைப் பையனுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். எனக்கு அதைவிடப் பெரிய கவலை கண்தான். முகக்கவசத்தை மைதானத்துக்குள் ஒரு நொடிகூடக் கழற்றக் கூடாது.

பவானிக்கரை:

கயல், இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு மிக்க நன்றி. மனைவிக்கும் படித்துக் காட்டினேன். மைதானத்தில் கேட்டுவிட்டேன், 4500 வரை நிரப்புகிறார்கள். ஒருமுறை கட்டணம் கட்டினால் நாள் முழுக்க எத்தனை தடவை வேண்டுமானாலும் நிரப்பிக்கொள்ளலாமாம். அங்கே சிஓ2-வும் நிரப்புகிறார்கள். அப்படியானால் சும்மா கிடைத்த சிஓ2 டேங்கை இந்த சீசன் மட்டும் ஓட்டலாமா?

ஒஹாயோ மணி:

தாராளமாக ஓட்டலாம் சார். இங்கே சிஓ2 என்றாலே முகம் சுளிக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த விளையாட்டே சிஓ2-வில் பிறந்ததுதான். 1981-இல் நியூ ஹாம்ப்ஷயரின் ஹெனிக்கரில் 12 பேர் முதல் ஆட்டம் ஆடியபோது கையில் இருந்தது நெல்ஸ்பாட் 007. மரத்துக்கும் மாட்டுக்கும் அடையாளம் போடச் செய்த துப்பாக்கி அது, 12 கிராம் சிஓ2 குப்பியில் ஓடும். டிப்மன் 98-உம் சிஓ2-வை மனத்தில் வைத்துச் செய்ததுதான். உள்ளே மின்சுற்று எதுவும் இல்லை, கெட்டுப்போக ஒன்றுமில்லை. 20 அவுன்ஸ் நிரப்பினால் 800 குண்டுக்கு மேல் அடிக்கலாம். எலக்ட்ரானிக் துப்பாக்கி என்றால் மட்டும் வேண்டாம், திரவம் உள்ளே போய் சொலினாய்டை (மின்சாரத்தில் இயங்கும் வால்வு) கெடுத்துவிடும்.

கயல்:

மணி அண்ணா சொல்வதில் 98 பற்றியது முழுக்கச் சரி. துப்பாக்கிக்கு ஒன்றும் ஆகாது. என் தயக்கம் பருவத்தைப் பற்றியது.

சிஓ2 டேங்குக்குள் இருப்பது திரவம். அது ஆவியாகித் தரும் அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்தது. 5 டிகிரி குளிரில் சுமார் 575 பி.எஸ்.ஐ. 25 டிகிரியில் சுமார் 930. பென்சில்வேனியாவில் ஏப்ரலில் இந்த இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். காலையில் குளிரில் குரோனோவில் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) சுட்டுப் பார்த்து, வேகம் குறைவாக இருக்கிறது என்று திருகைத் திருப்பி நொடிக்கு 280 அடிக்கு வைப்பீர்கள். மதியம் வெயில் ஏறியதும் அதே திருகு நிலையில் குண்டு 300-ஐத் தாண்டிப் போகும். எதிரே நிற்பதும் யார் வீட்டுப் பிள்ளையோதான். வெளி மைதானங்களில் 300-தான் உச்சவரம்பு, பல இடங்களில் 280. காற்றில் இந்தத் தொல்லை கிடையாது. ரெகுலேட்டர் காலையிலும் மதியமும் ஒரே அழுத்தம்தான் தரும். தொடர்ந்து சுட்டாலும் சிஓ2 ஆவியாகும் வேகத்தில் டேங்கே குளிர்ந்து உறைபனி பிடிக்கும், வேகம் விழும். பையன்கள் அப்படித்தானே சுடுவார்கள்.

ஜூலை, ஆகஸ்டில் மட்டும் ஆடினால் எனக்கும் ஆட்சேபணை இல்லை. ஆனால் இரண்டு விஷயம் பாருங்கள். அந்த 20 அவுன்ஸ் டேங்குக்கும் 5 ஆண்டுச் சோதனை உண்டு. தோள்பட்டைப் பகுதியில் மாதம், சோதனைக் கூடத்தின் அடையாள எழுத்துகள், ஆண்டு என்று பொறித்திருக்கும். மூடாக்குத் துணி போட்டிருந்தால் கழற்றிவிட்டுப் பாருங்கள். அடுத்தது வால்வு. துப்பாக்கியிலிருந்து டேங்கைக் கழற்றும்போது, வால்வு துப்பாக்கியிலேயே நின்றுகொள்ள, டேங்க் மட்டும் வால்விலிருந்து கழன்று ராக்கெட் மாதிரி பறந்து அமெரிக்காவில் உயிர்கள் போயிருக்கின்றன. அண்ணியிடம் நகப்பூச்சு வாங்கி, வால்விலிருந்து டேங்கின் கழுத்து வரை நேராக ஒரு கோடு போட்டுவிடுங்கள். கழற்றும்போது அந்தக் கோடு உடைந்தால், அதாவது வால்வும் டேங்கும் தனித்தனியே திரும்பினால், அங்கேயே நிறுத்திவிட்டு மைதானத்தில் வேலை செய்பவரைக் கூப்பிடுங்கள். ஏர் டேங்குக்கும் இதே கோட்டைப் போட்டு வைப்பது நல்லது.

கோடையில் காருக்குள் சிஓ2 டேங்கை விட்டுவிட்டுப் போகவே கூடாது.

ஒஹாயோ மணி:

குரோனோ பற்றிச் சொன்னது சரிதான். நான் பெரும்பாலும் கோடையில் ஆடுவதால் அந்தச் சிக்கல் அவ்வளவாக வந்ததில்லை. ஏப்ரலிலேயே ஆடப் போகிறான் என்றால் காற்றுக்கே போங்கள் சார்.

நடைவண்டி:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் பம்ப் துப்பாக்கி ஆடுகிறேன். 13/3000 டேங்க் வைத்திருக்கிறேன், உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. நூற்றுச் சொச்சம் குண்டுதான் வரும், ஆனால் ஒரு குண்டுக்கு ஒருமுறை பம்ப் இழுக்கிற எனக்கு அதுவே ஒரு ஆட்டத்துக்கு மிச்சம். உங்கள் மகனுக்கு இது வேண்டாம், 98-இல் தீர்ந்துகொண்டே இருக்கும். படிக்கிற வேறு யாருக்காவது பயன்படும் என்று சொல்கிறேன்.

அப்புறம் ஒரு சந்தேகம் கயல். மே மாதம் டெக்சாஸில் ஒரு பெரிய ஆட்டத்துக்கு விமானத்தில் போகிறோம். டேங்கை எடுத்துப் போகலாமா?

கயல்:

அமெரிக்க விமான நிலையப் பாதுகாப்பு விதிப்படி, ரெகுலேட்டரை முழுவதுமாகக் கழற்றி, டேங்கின் வாய் திறந்து உள்ளே பார்க்க முடிகிற நிலையில் இருந்தால்தான் விடுவார்கள். வெறும் காலி டேங்க் என்று சொன்னால் போதாது. ரெகுலேட்டரை வீட்டில் ரெஞ்ச் போட்டுக் கழற்றாதீர்கள், காற்றை முழுக்க இறக்கிவிட்டுத் தெரிந்த கடையில் கொடுங்கள். போன இடத்தில் திரும்ப மாட்டவும் ஆள் வேண்டும். ஒரு ஆட்டத்துக்காக இவ்வளவும் எதற்கு, அங்கேயே வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

பவானிக்கரை:

நேற்றுக் கடைக்குப் போய்வந்தோம். நீங்கள் சொன்னபடி முகக்கவசத்தோடு தோளில் வைத்துப் பார்த்தான். 68 அவனுக்குப் பெரிதாகத்தான் இருந்தது, தாடை மேலேயே நின்றது. 50/4500 அளவெடுத்தது போல் உட்கார்ந்தது. தயாரிப்புத் தேதி இந்த ஆண்டு பிப்ரவரி. ரெகுலேட்டர் 850 தருவது என்று பெட்டியிலேயே போட்டிருந்தது, கடைக்காரரிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். சிஓ2 டேங்கில் 2009-க்குப் பிறகு முத்திரையே இல்லை. அதை ஓரம்கட்டிவிட்டோம்.

சனிக்கிழமை முதல் ஆட்டம். துப்பாக்கியோடு ஒரு சின்ன எண்ணெய்ப் புட்டியும் வந்திருக்கிறது. டேங்க் நிரப்பும் முனையில் ஒரு சொட்டு விட்டால் சுலபமாக மாட்டலாம் என்று மகனுடைய நண்பன் சொன்னானாம். விடலாமா?

கயல்:

விடவே கூடாது! நல்லவேளை கேட்டீர்கள். நிரப்பும் முனையில் எண்ணெயோ கிரீஸோ ஒரு துளிகூடப் படக் கூடாது. 4500 அழுத்தக் காற்று வேகமாக உள்ளே பாயும்போது அந்த இடம் சட்டென்று சூடாகும். எண்ணெய் இருந்தால் டீசல் எஞ்சினில் நடப்பதுபோல் தீப்பிடித்து வெடிக்கும். எண்ணெய் தடவிய டேங்க் வந்தால் நாங்கள் குழாயையே மாட்ட மாட்டோம். முனையைச் சுத்தமான உலர்ந்த துணியால் துடைத்தால் போதும், ஒரு சிறு ரப்பர் மூடியும் வாங்கிப் போட்டுவிடுங்கள், புழுதி போகாது.

அந்த எண்ணெய் துப்பாக்கிக்கு உரியது. டேங்க் கழற்றி இருக்கும்போது, டேங்க் மாட்டும் திருகுவாயில் சில சொட்டு விட்டு, பிறகு டேங்கை மாட்டிக் குண்டு இல்லாமல் சில தடவை சுட்டால் உள்ளே பரவிவிடும்.

நிரப்பும்போது மெதுவாக நிரப்பச் சொல்லுங்கள். வேகமாக ஏற்றினால் டேங்க் கையில் சூடாகத் தெரியும். மீட்டர் 4500 காட்டும், ஆறியதும் நானூறு ஐநூறு இறங்கி நிற்கும். அப்படி இறங்கினால் கசிவு என்று பயப்பட வேண்டாம், திரும்ப வந்து கொஞ்சம் ஏற்றிக்கொண்டால் சரி.

ஆட்டம் முடிந்து கழற்றும்போது முதலில் பேரல் உறையைப் போட்டு, ஹாப்பரை எடுத்துவிடுங்கள். டேங்கை முக்கால் சுற்று திருப்பினால் உள்ளே ஊசி மூடிக்கொள்ளும். தரையைப் பார்த்துச் சுட்டு, குழாயில் தங்கிய காற்று தீர்ந்த பிறகு மீதியைத் திருகுங்கள். அழுத்தத்தோடு கழற்றினால்தான் ஓ-ரிங் கிழியும். அந்த ஓ-ரிங்குக்கு 015 அளவு, யூரித்தேன் வகை கேட்டு வாங்குங்கள், சாதாரண ரப்பரைவிட நாள்படும். சனிக்கிழமை பையன் சட்டைப்பையில் நான்கைந்து போட்டு அனுப்புங்கள், பக்கத்தில் ஆடுகிற யாருக்காவது கட்டாயம் தேவைப்படும்.